பதினைந்து முதல் முப்பத்து நான்கு வரை

பொங்கோலில்
மின்தூக்கி வருவதற்குள்
கடல்வாடை வந்துவிடுகிறது.
கழுத்தில் அட்டை, கையில் பலகைக் கணினி,
குதிகாலைக் கடிக்கும் புதுச் செருப்பு.
இன்றைய பங்கு பதினோரு வீடு.
வீட்டுக்கு நாற்பத்திரண்டு கேள்வி,
பொறுமைக்குப் பத்து வெள்ளிப் பற்றுச்சீட்டு.

இளையர் என்பவர் யார்?
முதல் திரையிலேயே விடை இருக்கிறது:
பதினைந்து முதல் முப்பத்து நான்கு வரை.
நரை பற்றி அதில் ஒன்றுமில்லை.
முட்டிவலி பற்றியும்.

பதினாறாம் மாடியில் ஷி யிங், வெய் ஜுன்.
சாவி வாங்கி ஐந்து மாதம்,
சுவரில் இன்னும் சாய வாசனை.
"விண்ணப்பித்தபோது காதலித்தோம்.
தூண் எழும்புவதற்குள் பிரிந்துவிட்டோம்.
வரிசை எண் நல்ல எண்ணாக இருந்தது,
சேர்ந்துகொண்டோம்" என்கிறாள்.
அவன் மறுக்கவில்லை.
குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்றதும்
இருவரும் ஒரே நேரத்தில்
பூனையைப் பார்த்தார்கள்.
பூனைக்குக் கட்டம் இல்லை.

ஒன்பதாம் மாடியில் நூரின், வயது பத்தொன்பது.
அப்பா வழி ஜாவா, அம்மா வழி நாகூர்.
நடுவில் கோடு போட்டு
இரண்டையும் எழுதலாம் என்றேன்.
"எதை முதலில் எழுதுவது?"
"உங்கள் விருப்பம்."
சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு
மெல்லச் சொன்னாள்:
"இன்றைக்கு அம்மாவை."

மூன்று கதவுகள் திறக்கவில்லை.
ஒன்றின் உள்ளே யாரோ
தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

ஐந்தாம் மாடி வாசலில்
தேசிய சேவையின் பூட்ஸ்,
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.
தர்வின், இருபது.
மகனுக்குப் பதில் தாய் பதில் சொல்கிறார்:
கல்வி, நண்பர்கள், தூக்கம், எல்லாம் சரியான அளவில்.
"மகிழ்ச்சி? ஒன்றிலிருந்து பத்துக்குள்..."
அறைக்குள்ளிருந்து ஒரு குரல்:
"ஞாயிறு சாயங்காலம் இதக் கேக்கலாமா அக்கா?
முகாமுக்குத் திரும்பணும்."
ஆறு என்று போடச் சொன்னார் தாய்.
நான்கு என்றது கதவு.

வேலை முடித்துப் படகுத்துறைக்கு நடந்தேன்.
எதிரே ஜொகூர். நடுவில்
தட்டையாய், வேலை முடிந்த நீர்.
தூண்டில் போட்டிருந்தவன்
என் அட்டையைப் பார்த்துக் கேட்டான்:
"என்ன கணக்கு எடுக்குறீங்க?"
"இளையர் கணக்கு."
"எனக்கு இருபத்து மூணு.
சபரிநாதன், அறந்தாங்கி.
எங்க ரூம்ல பன்னெண்டு பேரு,
எல்லாம் முப்பதுக்குள்ள.
மேஸ்திரிக்கு மட்டும் நாப்பத்தொண்ணு,
அவரும் டை அடிச்சு உள்ள வந்துருவாரு."

திரை கேட்டது: வீட்டு முகவரி எண்.
விடுதியின் பெயரைத் தட்டினேன்.
சிவப்பாய்த் துடித்து மறுத்தது.
மூடி வைத்துவிட்டு, சும்மா கேட்டேன்:
பத்துக்கு எத்தனை மகிழ்ச்சி?
நரம்பை விரலில் சுற்றி
ஆழத்தை விசாரித்தான்.
"செத்த பொறுங்க. ஏதோ கடிக்குது."

எதுவும் கடிக்கவில்லை.
எட்டு என்றான்.
எழுதிக்கொள்ள இடமில்லாததால்
நினைவில் வைத்திருக்கிறேன்.

வருகிற புதன்கிழமை
எனக்கு முப்பத்தைந்து.
அன்றோடு இளையர் கணக்கிலிருந்து உதிர்வேன்.
அன்றிலிருந்து
துணையில்லாமலே ஓர் ஈரறை வீட்டுக்கு
விண்ணப்பிக்கலாம்;
வீவகவின் விதி அப்படி.
தம்பி பிள்ளைகளோடு பகிரும் அறையில்
என் பங்கு ஒரு கட்டில், ஒரு சன்னல்,
அலமாரியில் இரண்டு தட்டு.
ஈரறை என்றால் எத்தனை தட்டு வரும்
என்று மூன்று மாதமாகக்
கணக்குப் போட்டுவருகிறேன்.

துறையின் விளிம்பில்
கைத்தொலைபேசி அதிர்ந்தது:
மலேசியா உங்களை வரவேற்கிறது.
ஓரடி பின்னால் வைத்தேன்.
செருப்பு கடித்தது.
அலைவரிசை
யோசித்துக்கொண்டிருந்தது.